பஸ் எஞ்சினுக்கு ஒரு தகரக் குழாய்

என் கணவர் ஓட்டிய பஸ்ஸில் எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலேயே, ஒரு தகர மூடிக்குக் கீழே இருந்தது. யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் விற்றுத் தள்ளிய லாரி அது. மரத்தால் கூடு கட்டி, பெஞ்சு போட்டு பஸ்ஸாக்கியிருந்தார்கள். குலசேகரத்தில் புறப்பட்டு, திருவட்டாறு, அழகியமண்டபம் வழியாக நெய்யூருக்குப் போகும். எனக்கு அப்போது ஏழாம் மாதம், முதல் பிள்ளை. வாரம் ஒருமுறை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கணவரின் பஸ் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும். ஆனால் நான் போனது அதே வழியில் ஓடிய வேறொரு பஸ்ஸில்.

காரணம் வாடை. கணவரின் வண்டி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்த எஞ்சின். எரிந்த புகையில் ஒரு பங்கு பிஸ்டனைத் தாண்டி, எஞ்சினின் அடியில் எண்ணெய் கிடக்கும் அறைக்குள் இறங்கிவிடும். அது வெளியேறுவதற்கென்று எஞ்சினின் பக்கத்தில் ஒரு குழாய் உண்டு. பிரீதர் என்பார்கள். புட்டுக்குடத்தில் ஆவி போக வழி வேண்டும் அல்லவா, அதுபோலத்தான் என்று கணவர் எனக்கு விளக்கினார். போகிற புகை எண்ணெயையும் பொடித்துளியாகக் கூட்டிக்கொண்டு போகும். அந்தக் குழாயின் வாய் எங்கள் காலடிப் பலகைக்கு நேர் கீழே இருந்தது. பலகை இடுக்கு வழியாகப் புகை உள்ளே ஏறியது. வண்டியை விரட்டினால் இன்னும் மோசம். விரட்டாத நாளே கிடையாது. இரண்டு பஸ்களில் எது முதலில் திருவட்டாற்றில் போய் நிற்கிறதோ அதில்தான் ஆள் ஏறும்.

முதல் வாரம் அவர் வண்டியில் போனேன். திருவட்டாறு வருமுன் மூன்று முறை வாந்தி. அடுத்த வாரம் முதல் மற்ற பஸ்.

அந்த ஓட்டுநர் வெற்றிலை போடும் நாற்பது வயதுக்காரர். பஸ் நிற்கும் இடத்தில் எல்லாரும் கேட்க என் கணவரிடம் சொன்னார்: "ஒனக்க வீட்டுக்காரியே எனக்க வண்டியிலதான் வாறா. பின்ன ஊருக்காரன் ஒனக்க வண்டியில ஏறுவானா மக்கா?"

"ஒம்ம வண்டி பெரிசுன்னு இல்ல ஓய், எனக்க வண்டி நாறுது, அதான்" என்றார் என் கணவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வீட்டில் சாப்பிடும்போது சிரிப்பு இல்லை.

"ஏட்டி, அந்த நாத்தம் இல்லேன்னா எனக்க வண்டியில வருவியா?"

"வருவேன்."

"முன் சீட்டில?"

"முன் சீட்டிலதான்."

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் எது ஒழுகினாலும் ரப்பர்தான் மருந்து. வாளியின் அடி, கூரை ஓட்டை, செருப்பின் குதிகால், எல்லாவற்றுக்கும் ஒரு துண்டு ரப்பர் ஷீட் போதும். கணவர் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்திலிருந்து ஷீட் வாங்கி, ஒரு மூங்கில் கழியில் சுற்றிச் சுற்றி அழுத்தி, சூடு காட்டி ஒட்டி, நீளமான குழாய் செய்தார். ஒரு முனையைப் பிரீதரில் மாட்டினார். மறுமுனையை வண்டிக்கு அடியில் பின்பக்கம்வரை கொண்டுபோய் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் விட்டார். டின்னில் தேங்காய் நார் அடைத்திருந்தது. எண்ணெய் நாரில் தங்கும், புகை மூடியின் துளை வழியாக வெளியேறும். இரண்டு நாள் ஓட்டினார். வாடை இல்லை. டின்னை வீட்டுக்கே கொண்டுவந்து அடியில் தேங்கிய கறுத்த எண்ணெயைக் காட்டினார். அதைப் பார்த்து எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அன்று அவர் விரட்டவில்லை. திருவட்டாற்றுக்கு முந்தின ஏற்றத்தில், எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி துள்ளி எழுந்து தகர மூடியில் மோதியது. மூடி இடுக்கிலிருந்து எண்ணெய் சிதறி என் பாதத்திலும் சேலைக் கரையிலும் விழுந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார்.

"சுட்டுதா?"

"இல்ல. வெதுவெதுப்புதான்."

பிறகு குனிந்து குழாயைத் தொட்டார். ரப்பர் சூடான எண்ணெயைக் குடித்து இரண்டு மடங்கு ஊதியிருந்தது. உட்பக்கம் களியாகிச் சேர்ந்து அடைத்துவிட்டது. வெளியேற வழியில்லாத புகை எண்ணெயைக் கம்பித் துளை வழியாகத் தள்ளியிருக்கிறது.

பின்னால் வந்த மற்ற பஸ்ஸும் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து குழாயைப் பிதுக்கிப் பார்த்தார்.

"டயரும் ரப்பர்தான். அதில எண்ணெய் பட்டா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன?"

டயரில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் தன் துண்டாலேயே துடைக்கிறவர் என் கணவர். மற்ற ஓட்டுநர் மடியிலிருந்த பாக்கு வெட்டும் கத்தியை எடுத்து ரப்பரை அறுத்து எறிந்தார். இனி வண்டி ஓடும். வாடையும் வரும்.

"இவளக் கொண்டு போவும்" என்றார் கணவர். "பைய ஓட்டும், ஓய்."

பயணிகள் எல்லாரும் என்னோடு அந்த பஸ்ஸுக்கு மாறினார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். காலியான பஸ்ஸை ஓட்டிக்கொண்டு அவர் எங்கள் பின்னால் வந்தார். எங்கள் வண்டியின் தூசி முழுவதும் அவர்மேல். ஒருமுறைகூட முந்தப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு ரேஸ் இல்லியா அண்ணாச்சி?" என்று யாரோ கேட்டார்கள்.

"பிள்ளத்தாச்சிக்க மாப்பிள பின்னால வாறான். சும்ம இரும்" என்றார் ஓட்டுநர்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். வெளியே வந்தபோது கணவரின் பஸ் ஒரு தகரவேலைக் கடையின் முன் நின்றது. அடியிலிருந்து அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, உருட்டி, ஈயம் வைத்து ஒட்டிய குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தார். வெளியே ஊர்ந்து வந்தார். நெற்றியில் எண்ணெய்.

"பிள்ளைக்கு எப்படி?"

"நல்லா இருக்கு. ஒங்க குழாய்க்கு?"

"ஓட்டிப் பாக்கணும்."

திரும்பும்போது முன் சீட்டிலேயே உட்கார்ந்தேன். அழகியமண்டபம் தாண்டியதும் கேட்டார்:

"நாறுதா?"

"கொஞ்சம்."

வேகத்தைக் குறைத்தார். மற்ற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்தது. திருவட்டாற்றில் நின்ற ஆட்களெல்லாம் அதில் ஏறிப் போய்விட்டார்கள்.

"அண்ணே, ஆள் போச்சே!" என்றார் கண்டக்டர்.

"போனா போட்டு டே" என்றார் கணவர். என் பக்கம் திரும்பி, "இப்போ?" என்றார்.

"இப்போ இல்ல" என்றேன். அது முழு உண்மை அல்ல. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சுவிட்டுக்கொண்டேன். அவர் அதே வேகத்தில் குலசேகரம்வரை ஓட்டினார்.