நொயெமி டீச்சரின் நாற்பது ஜோடி

சான் சல்வடோரில், அமெரிக்காக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்லும் அந்தக் கால் சென்டருக்கு வேலை கேட்டு வருகிற எவரும் ஆங்கில வகுப்பு எடுக்கும் நொயெமி அர்கெத்தாவைத் தாண்டித்தான் போனைத் தொட முடியும். ஸ்பானிஷ் பேசுகிறவர்களைக் குழப்பும் ஆங்கிலச் சொற்கள் நாற்பது ஜோடி வைத்திருந்தாள். ‘மேக்’, ‘டூ’ இரண்டுக்கும் இவர்களிடம் ஒரே சொல்தான். ‘ஸே’, ‘டெல்’ கதையும் அப்படியே. எதை எங்கே போட வேண்டும், ஏன் என்று ஸ்பானிஷில் காரணம் எழுத வேண்டும். முப்பத்திரண்டுக்குக் குறைந்தால் வீட்டுக்குப் போகலாம். தப்பு செய்தவரைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து மானத்தை வாங்குவாள். பதினான்கு வருஷமாக இதே தர்பார். அமெரிக்காவை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அதை யாரும் கேட்டதுமில்லை.

அப்போதுதான் வில்பெர் வந்து சேர்ந்தான். இரண்டு வயதில் அமெரிக்காவுக்கு, ஹூஸ்டனுக்குப் போனவன். முப்பத்தொன்றில், குடியுரிமை இல்லையென்று விலங்கு மாட்டி விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் நாளே அவள் படித்துக் காட்டிய வாக்கியத்தைக் கேட்டுச் சிரித்தான்.

“டீச்சர், அங்க ஒருத்தனும் இப்பிடிப் பேச மாட்டான்.”

வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அன்றைக்கே அவனை வெறுத்தாள். இத்தனை வருஷ மரியாதையை இவன் ஒரு சிரிப்பில் கொண்டுபோய்விடுவான் என்று பயம். பயம் என்று ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

அவனுடைய பரிட்சைத் தாளைத் திருத்தினாள். நாற்பது இடத்திலும் சரியான சொல். காரணம் எழுத வேண்டிய இடமெல்லாம் காலி. வீட்டில் பேசிப் பழகிய ஸ்பானிஷ்தான் அவனுக்கு. எழுத எந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது? நொயெமிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

“சைபர்!” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. “சொந்த பாஷையில நாலு வரி எழுதத் தெரியல. துரைக்குச் சிரிப்பு மட்டும் நல்லா வருது.”

“வாயால கேளுங்க டீச்சர். எல்லார் முன்னாடியும் கேளுங்க. நாப்பதும் சொல்றேன்.”

கேட்டால் அவனுடைய ஆங்கிலமும் அவளுடையதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அது மட்டும் நடக்கக் கூடாது.

“எழுத்துப் பரிட்சைன்னா எழுதணும். எந்திரி.”

“அங்க ‘உன் நாட்டுக்குப் போடா’ன்னாங்க, வந்தேன். இப்ப நான் எங்க போக?”

“அதை ஏன் எங்கிட்ட கேக்கற? கதவைச் சாத்திட்டுப் போ.”

சாத்தாமல் போனான். அவளே போய்ச் சாத்தினாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த யனீரா என்கிற பெண் தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள்.

“டீச்சர், போன்ல அவரு மாதிரிப் பேசணுமா, உங்க மாதிரியா?”

“உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

“வேணும் டீச்சர்.”

“அப்ப வாயை மூடிட்டு எழுது.”