அக்காவின் சதைத் துணுக்கு

ஸ்வீடனில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில், பால் பெட்டிக்குக்கூடப் பெயர் எழுதித்தான் ஃபிரிட்ஜில் வைப்பார்கள். ஒருவர் பாலை இன்னொருவர் தொடமாட்டார். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமான டிக்கோயாவில், வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுவதற்கும் ஒரு ஃபிரிட்ஜ் கிடையாது.

என் வேலை இலத்திரன் நுணுக்குக்காட்டியோடு, அதாவது எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்போடு. யார் யாருடைய சிறுநீரகத் துணுக்குகளோ வரும். பிசினில் இறுக்கி, வைரக் கத்தியால் மெல்லிசாகச் சீவி, செப்பு வலையில் ஏந்தி, இலத்திரன் கதிரைப் பாய்ச்சினால் உள்ளே இருப்பது திரையில் நிழலாக விழும். இரத்தத்தை வடிக்கும் சவ்வு எங்கே கெட்டிருக்கிறது என்று சாதாரண நுணுக்குக்காட்டிக்குத் தெரியாதது இதற்குத் தெரியும்.

தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் அக்காவுக்குக் கால் வீங்கியது. கண்டி ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சிறுநீரகத்தில் துணுக்கெடுத்தார்கள். எந்த வகை நோய் என்று தெரிந்தால்தான் சரியான மருந்து. அதைச் சொல்லும் இயந்திரம் அவர்களிடம் இல்லை. அங்கிருந்த டாக்டரும் இங்கே என் பொறுப்பாளரும் பேசி இணங்கினார்கள். கெடாதிருக்க மருந்தில் ஊறிய துணுக்கு குப்பியோடு சில நாள் அக்கா வீட்டார் பொறுப்பில் இருந்தது; சிநேகிதி ஒருத்தி விமானத்தில் வரும்போது அதைக் கொண்டுவந்து தந்தாள். அன்று எனக்கு எவ்வளவு பெருமை! இத்தனை வருஷம் இந்தக் குளிரில் கிடந்ததற்கு அர்த்தம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

திரையில் சவ்வு இல்லை. வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள். வேறு இடத்தில் சீவிப் பார்த்தேன், அங்கேயும் ஓட்டைகள்தான். பனிக்கட்டி கிழித்த தடம் அது. துணுக்கு எங்கேயோ உறைந்திருக்கிறது.

பக்கத்தில் வேலை செய்யும் இங்ரிட் எட்டிப் பார்த்தாள். வெயில் நாட்டுக்காரர்களுக்குப் பனிக்கட்டி என்ன செய்யும் என்று தெரியாதுதானே, இன்னொரு துணுக்கு அனுப்பச் சொல்லேன் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எங்கள் ஊரில் விடிகாலையில் வாயைத் திறந்தால் புகை வரும், குளிர்ச்சிக்குக் குப்பியை ஜன்னலோரம் வைத்திருந்தாலே போதும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்? அக்காவின் சிறுநீரகம் சுருங்கிவிட்டது, இன்னொரு ஊசி தாங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அக்காவை அழைத்தேன். குப்பியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அவள் குரலில் சந்தோஷம்.

"குளுமையா வைக்கச் சொன்னாங்கல்ல. மாமா ஹட்டன்ல பாய் கடைக்குக் கொண்டு போனாரு. பாவம் பாய், ஐஸ்கிரீமையெல்லாம் வெளிய எடுத்துட்டு அந்தப் பொட்டிக்குள்ள இடம் குடுத்தாரு. உருகுனதையெல்லாம் வந்த புள்ளைகளுக்குக் குடுத்துட்டாராம்."

யாரைக் குறை சொல்ல? ஒன்றும் தெரியவில்லை அக்கா, துணுக்கு கெட்டுப்போச்சு என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்டாள்:

"மிச்சம் ஏதும் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"தூக்கிப் போட்டுறாத. அங்கேயே கெடக்கட்டும். நீ அங்க ஒத்தையிலதான இருக்க."

இப்போது டாக்டர் ஊகத்தில்தான் மருந்து கொடுக்கிறார். அக்காவின் வீக்கம் வற்றவில்லை. பிசினில் இறுகிய மிச்சத் துணுக்கை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இங்கே துணுக்குகளுக்கு எண் மட்டும்தான், பெயர் எழுதக் கூடாது. அந்தச் சின்னப் பெட்டியின்மேல் தமிழில் அக்காவின் பெயரை எழுதியிருக்கிறேன்.