ஐந்து விரல்களைக் குவித்தால்

வளைகுடாவில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அரபி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு சைகை தெரிந்திருக்க வேண்டும். ஐந்து விரல் நுனிகளையும் மேல்நோக்கிக் குவித்து, கையை லேசாக ஆட்டுவது. 'கொஞ்சம் பொறு' என்று அர்த்தம். வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் காட்டுவாள், லாரிக்காரர் காட்டுவார், போலீஸ்காரரும் காட்டுவார். வந்த நாளிலிருந்து நானும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். சாப்பிடக் கூப்பிட்டால்கூட வாயைத் திறக்காமல் இதைத்தான் காட்டுகிறேன் என்று என் மனைவி திட்டுவாள்.

இந்தச் சைகைக்கு நான் ஒருவரிடம் பொய் அர்த்தம் சொன்னேன்.

ஒரு கட்டுமானக் கம்பெனியின் சேஃப்டி பிரிவில் எனக்கு வேலை. பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஹெல்மெட் போடாதவர்களை விரட்டுவது, பயிற்சி வகுப்பில் தமிழிலும் இந்தியிலும் மொழிபெயர்ப்பது, அவ்வளவுதான். வீடு வாடகை மலிவான அஜ்மானில், சைட் துபாயில். புதிதாக வந்த பயிற்சியாளரும் அஜ்மானிலேயே வீடு எடுத்தார். ஆஸ்திரேலியர், ஐம்பதை நெருங்கும் வயது, முன்னாள் காலாட்படை வீரர். ஒரு வெள்ளைக்காரர் எதற்கு அஜ்மானில் வந்து கிடக்கிறார் என்று ஆபீஸில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கார் ஓட்ட மாட்டார் என்பதுதான். அதனால் தினமும் என் காரில் வந்தார். வாய் ஓயாத என் பக்கத்தில் வாயே திறக்காத ஒரு மனிதர்.

முதல் வாரம், வழியில் ஷார்ஜா நெரிசலில் மாட்டிக்கொண்டோம். பொறுமையில்லாமல் நான் ஹார்ன் அடிக்க, முன்னால் இருந்த பழைய பிக்கப்பின் டிரைவர் ஜன்னல் வழியே கையை நீட்டி விரல்களைக் குவித்துக் காட்டினார். பக்கத்து சீட்டில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் தன் இரண்டு முழங்கால்களையும் இறுகப் பிடித்திருந்தார்.

"அந்தக் கைக்கு என்ன அர்த்தம்?" என்றார். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"ஏன் கேக்குறீங்க?" என்றேன். ஊர் வம்பு கேட்கும் புத்தி.

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். ஈராக்கில் ஒரு சோதனைச் சாவடி. ஒரு கார் வந்தது. இவர் முஷ்டியை உயர்த்திக் காட்டினார். அவர்கள் படையில் அதற்கு 'நில்' என்று பொருள். கார் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அந்த டிரைவர் ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டினார். விரல்கள் குவிந்திருந்தன. உள்ளே எதையோ மறைத்துப் பிடித்திருக்கிறார் என்று நினைத்து இவர் சுட்டார். கையில் ஒன்றுமில்லை. பின்சீட்டில் தக்காளிப் பெட்டிகள் இருந்தன. விசாரணை வைத்தார்கள். அது மிரட்டும் சைகை என்று எழுதி, இவர்மேல் தப்பில்லை என்று முடித்தார்கள்.

"அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டுதான் இத்தனை வருஷமும் காலத்தை ஓட்டியிருக்கேன். சொல்லுங்க, என்ன அர்த்தம்?"

"மிரட்டுறதுதான். 'இரு, உன்னைப் பாத்துக்கறேன்'னு அர்த்தம்" என்றேன். தமிழில் 'இரு' என்பதை அன்பாகவும் சொல்லலாம், அடிக்கப் போகும்போதும் சொல்லலாம். அந்த இரட்டை அர்த்தச் சந்தில் நுழைந்துகொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு வெளியே பார்த்தார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகவே அன்று நினைத்தேன்.

எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது மறுநாளே தெரிந்தது. ஊரே காட்டுகிற ஒன்றை ஒருவரிடமிருந்து எப்படி மறைப்பது? அவரோடு போகும் வழியில் டீக்கடை வாசலில் காரை நிறுத்தி, டீ கேட்டு ஹார்ன் அடித்தேன். கடைக்குள்ளிருந்த மலையாளி ஒரு கையில் கப்புடன் சிரித்தபடி மறு கையால் விரல்களைக் குவித்தார். சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தவன்போல டீ குடிக்காமலேயே காரைக் கிளப்பினேன். அன்றிலிருந்து அந்தத் தெருவையே மாற்றினேன். லிஃப்டில், பெட்ரோல் பங்கில், ஆபீஸ் வரவேற்பறையில் யார் கையாவது மேலே எழுந்தால் எனக்கு வியர்த்தது. சுட்டது அவர், பயந்து செத்தது நான். ஹார்ன் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து கிரேன் சிக்னல் வகுப்பு. முப்பது பேர். முஷ்டி, நீட்டிய கை, சுற்றும் விரல் என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்ட, நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர் கை தூக்கினார்.

"சார், இத்தனையும் யாரு ஞாபகம் வச்சுக்கிறது? நிறுத்தணும்னா இப்புடிக் காட்டுனா போதாதா? நம்ம ஃபோர்மேன்லாம் இதத்தான காட்டுறாரு" என்று விரல்களைக் குவித்தார். அவ்வளவுதான், அறை முழுக்கச் சிரிப்பு. பட்டாணியர், பெங்காலி, நேபாளி என்று முப்பது கைகளும் குவிந்து மேலே எழுந்தன. முப்பது கைகள், எல்லாமே அவரைப் பார்த்து.

"என்ன சொல்றாங்க?" என்றார் என்னிடம்.

அத்தனை பேர் முன்னால் இன்னொரு பொய் வரவில்லை. "கொஞ்சம் பொறுங்கன்னு சொல்றாங்க" என்றேன். அவர் முகம் மாறவே இல்லை. போர்டின் பக்கம் திரும்பி அடுத்த சிக்னலை எழுதினார். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

சாயங்காலம் காரில் ஏறியதுமே மன்னிப்புக் கேட்டேன். அவர் கையமர்த்தினார்.

"எனக்கு முன்னாடியே தெரியும். நீங்க சொன்ன மறுநாளே. டீக்கடைக்காரர் சிரிச்சாரே. அப்படிச் சிரிச்சுக்கிட்டு யாராவது மிரட்டுவாங்களா?"

"அப்புறம் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லல?"

"என்னைக் காப்பாத்திட்டதா நினைச்சு நீங்க நிம்மதியா இருந்தீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தராவது இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே சிவப்பு விளக்குகள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நின்றன. கார் நகரவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இப்படிக் காட்டறவங்க எவ்வளவு நேரம் கேக்குறாங்க?"

"ஒரு நிமிஷம். அதுகூட ஆகாது" என்றேன்.

அவர் சட்டைக் கையை மேலே ஏற்றி வாட்சைப் பார்க்க ஆரம்பித்தார். என்ன செய்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் ரேடியோவை அணைத்தேன். யாரோ பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் நகரவில்லை.

"ஒரு நிமிஷம் முடிஞ்சது" என்றார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு அவன் இதைத்தானே கேட்டிருக்கான். கொடுத்திருக்கலாம்" என்றார்.