கட்டாரிக்கு மறுநாள் ஒரு கட்டைவிரல்

திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பது. பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தேன். உள்ளறையிலிருந்து "அம்மா" என்று ஒரு அலறல்.

என் மகன் செந்திலுக்கு வயது இருபத்தேழு. புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு ஃபேக்டரியில் இன்ஜினியர். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு 'அம்மா' வந்து பல வருஷம் ஆகிறது. வழக்கமாக வருவது, 'மா, டவல்'.

ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் தக்காளி நிறத்தில், கிட்டத்தட்டத் தக்காளி அளவில் வீங்கியிருந்தது. போர்வை நுனி பட்டாலே துடித்தான்.

"தேள்" என்றார் என் வீட்டுக்காரர். துடைப்பத்தோடு வந்து மெத்தையைப் புரட்டினார். தலையணையை உதறினார். தேள் கிடைக்கவில்லை. காணாமல் போயிருந்த டிவி ரிமோட் கிடைத்தது.

எனக்கு வேறு பயம்.

"நெஞ்சு வலிக்குதாடா?"

"கால்தான்மா வலிக்குது."

"இடது கை?"

"மா... கால்."

சிரிக்காதீர்கள். பேப்பரோடு வரும் ஹெல்த் சப்ளிமென்ட்டை ஒரு வரி விடாமல் படிக்கிறவள் நான். அதில் எல்லா வலியும் கடைசியில் நெஞ்சுக்குத்தான் போகும்.

கால் மட்டும் என்றால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அன்று மாலை ஐந்து மணிக்கு ரேவதியின் அப்பா எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது.

ரேவதி, செந்திலின் ஃபேக்டரியில் அக்கவுன்ட்ஸில் இருக்கிற பெண். இருவரும் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னார்கள். எங்களுக்குச் சந்தோஷம். அவள் அம்மாவுக்கும் சந்தோஷம். பாக்கி இருந்தது அப்பா மட்டும். லோஹேகாவில் ஏர்ஃபோர்ஸ்காரர். அஸ்ஸாமுக்கு மாற்றலாகி செவ்வாய்க்கிழமை கிளம்புகிறார். அதற்குள் பையனைப் பார்த்துச் சரி என்றால் உண்டு. இல்லையென்றால் அடுத்த லீவு எப்போதோ, அப்போது அவர் மனசு எப்படியோ.

இத்தனைக்கும் ஆடி மாதம். ஆடியில் மாப்பிள்ளை பார்க்க யாரும் வர மாட்டார்கள். அதனால் இது மாப்பிள்ளை பார்ப்பது அல்ல, 'சும்மா ஒரு காபி'. இரண்டு வீட்டிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். சும்மா ஒரு காபிக்கு யாராவது ஜன்னல் திரையெல்லாம் துவைத்துப் போடுவார்களா?

அவர் சம்பளம் கேட்கவில்லை. சொந்த வீடு உண்டா என்று கேட்கவில்லை. மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம் - "ஆள் ஃபிட்டா?" ரேவதியின் அக்காவுக்கு வந்த ஒரு வரனை, மாடிப்படி ஏறியதும் மூச்சு வாங்கியது என்பதற்காகவே டீ கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

இங்கே என் பிள்ளையால் பாத்ரூம் வரைகூடப் போக முடியவில்லை.

எட்டு மணிக்குக் கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா மேலே வந்தார். மராத்திக்காரர். எங்கள் வீட்டு ஜலதோஷம் எல்லாவற்றையும் அறிந்தவர். விரலைத் தொடக்கூட இல்லை. சும்மா பார்த்துவிட்டு, "கல் கட்டாரி மனாயா க்யா?" என்றார். நேற்று கட்டாரி கொண்டாடினீர்களா என்று.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ராவண மாதம் முழுவதும் இங்கே பல வீடுகளில் அசைவம் கிடையாது. அதற்காக, மாதம் பிறக்கும் முன்னால் சாப்பிட்டுத் தீர்த்துக்கொள்ளும் திருநாள்தான் கட்டாரி. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடை வரிசை தெரு முனை திரும்பிப் போகும். இத்தனை வருஷம் புனேயில் இருந்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பண்டிகையில் நாம் கலந்துகொள்ளாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

கலந்துகொண்டோம். காலையில் தோசைக்கு ஈரல் வறுவல். மதியம் பிரியாணி. சாயங்காலம் இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா. ராத்திரி செந்தில் மட்டும் நண்பன் வீட்டு மொட்டைமாடிக்குப் போய் வந்தான்.

"பியர்?" என்றார் டாக்டர்.

"ரெண்டே ரெண்டு" என்றான் செந்தில், என்னைப் பார்க்காமல்.

"யூரிக் ஆசிட் ஏறி மூட்டுல படிஞ்சிருக்கு. கௌட்."

"இந்த வயசுலயா மேடம்?" என்றேன்.

"இப்ப இதைவிடச் சின்னப் பசங்களே வர்றாங்க. கம்பெனி பஸ்ல உக்காந்து போறான், ஆபீஸ்ல உக்காந்து வேலை பார்க்கறான், திரும்பவும் பஸ்ல உக்காந்து வர்றான். தண்ணியாவது குடிக்கறானா?"

தேள் இல்லை. எலும்பு முறிவு இல்லை. நெஞ்சு இல்லவே இல்லை. எனக்கு அந்த டாக்டரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. மாத்திரை எழுதிவிட்டு அவர் ஆறுதலாகச் சொன்னார்:

"கவலைப்படாதீங்க. ஸ்ராவண் வருது. ஒரு மாசம் நிறுத்தினா உடம்பு கொஞ்சம் ஓய்வெடுக்கும்."

என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "ஸ்ராவண் எங்களுக்குக் கிடையாது மேடம். எங்களுக்கு இப்ப ஆடி. அம்மன் கோயில்ல கூழ் ஊத்தி, கிடா வெட்டுவோம்."

"அப்போ எப்பதான் நிறுத்துவீங்க?"

"புரட்டாசியில."

"போன புரட்டாசியில நிறுத்தினீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். போன புரட்டாசியில், "இது மகாராஷ்டிரா, இங்க ஏது புரட்டாசி?" என்று சிக்கன் வாங்கி வந்தவர் இவர்தான். மிளகு போட்டு வறுத்தது நான்.

டாக்டர் போன பிறகு யோசித்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர் தொங்குகிறது, ஒன்று தமிழ், ஒன்று மராத்தி. இரண்டிலும் விருந்து நாட்களை எடுத்துக்கொண்டோம். விரத நாட்களை 'அது அவங்களுக்கு', 'அது ஊர்ல' என்று விட்டுவிட்டோம். வண்டிக்கு இரண்டு ஆக்சிலரேட்டர், பிரேக் இல்லை... இத்தனை நாள் ஓடியதே பெரிசு.

மட்டன்மேல் பழி போட எனக்கு மனசில்லை. என் வீட்டுக்காரரும் அதே கடை மட்டன்தான் சாப்பிட்டார் - ஞாயிறு மட்டும். மற்ற ஆறு நாள் கட்கியில் இருக்கும் ஃபேக்டரிக்கு சைக்கிள் மிதித்தார். பையனுக்கோ புதன்கிழமை முட்டை புர்ஜி, வெள்ளிக்கிழமை தந்தூரி, ஞாயிறு வழக்கம்போல. மிதிக்கிற வேலையை பஸ் டிரைவர் பார்த்துக்கொள்கிறார். தட்டு பெரிதாகிவிட்டது, கால்தான் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. கோபம் வராதா அதற்கு?

சரி, மாலை ஐந்து மணிக்கு என்ன சொல்வது?

"பைக்ல இருந்து விழுந்தான்னு சொல்லிடலாம்" என்றார் இவர்.

"பைக்கே ஓட்டத் தெரியாதவன்னு நினைப்பார்."

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னு?"

"காலையிலேயே தள்ளாடுறானான்னு கேப்பார்."

"அப்ப நீயே சொல்லு. வாரா வாரம் பேப்பர்ல பத்தி எழுதறவளுக்கு ஒரு பொய் வரலயா?"

"உண்மையச் சொல்லிடலாம்மா" என்றான் செந்தில்.

"நீ வாய மூடு" என்றோம் இருவரும். அன்று நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஷூ போட்டு மறைத்துவிடலாம் என்று பார்த்தோம். ஷூ அருகில் வந்ததுமே கண்ணில் தண்ணீர் விட்டான். போர்வையும் ஆகாது. கடைசியில் ஹால் சோஃபாவில் உட்கார வைத்து, பிளாஸ்டிக் ஸ்டூலில் தலையணை போட்டு, அதன்மேல் காலை வைத்தோம். சோஃபா வாசலைப் பார்த்தபடி. திருப்பிப் போட இடமில்லை. கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அந்த விரல்தான், கண்காட்சியில் வைத்த மாதிரி. மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கீழே அது.

நாலரைக்கு ரேவதியிடமிருந்து எஸ்.எம்.எஸ்.: 'அப்பா கிளம்பிட்டார். மூட் தெரியல.'

சரியாக ஐந்துக்கு வாசல் மணி அடித்தது. மூன்று மாடி ஏறி வந்தவர் மூச்சு வாங்கவே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒல்லியான, நேரான மனிதர். என்னைப் பார்க்கவில்லை, துவைத்த திரையைப் பார்க்கவில்லை. நேராக ஸ்டூலுக்குப் போய்க் குனிந்தார். பரேடில் பட்டன் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, அந்த விரலையே பார்த்தார்.

"பாத்ரூம்ல..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

அவர் நிமிராமலே ஒரு கையை உயர்த்தி நிறுத்தினார்.

செந்தில் சோஃபாவின் கைப்பிடியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தான். பாதி எழும்போதே முகம் கோணியது. "கௌட், சார். நேத்து நிறையச் சாப்பிட்டுட்டேன்" என்றான்.

அவர் அவன் தோளில் கை வைத்து மெதுவாக உட்கார வைத்தார்.

"எந்திரிக்காதீங்க மாப்ளே. எனக்கு இடது கால்."