சின்னையா அண்ணன் வீட்டுச் சீலிங்

சின்னையா அண்ணனோடு சிங்கப்பூரின் பழைய வீடுகளில் வேலை செய்த நண்பர்களுக்கு எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரிகள் மேடும் பள்ளமுமாக இருக்கும். பூச்சுக் கரணை பிடித்துப் பழகிய கைக்குப் பேனா இன்னும் படியவில்லை. அழித்து எழுதிய இடங்களில் தாள் நைந்துவிட்டது. ஆனாலும் யாரையும் எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். அந்தச் சந்தோஷத்தை இந்தத் துக்கத்திலும் மறைக்க முடியவில்லை.

செய்தி வந்தபோது புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் மனைவி, எனக்கு அண்ணி, கைப்பேசியில் தமிழில் அனுப்பியிருந்தார். போன வருடம்தான் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். யாரிடமும் நீட்டாமல் நானே படித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ‘சின்னையா’ என்ற பெயர் சட்டென்று பிடிபட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் படித்துக் காட்டலாம் போல இருந்தது. அடுத்த சொல்லைக் கூட்டினேன். கா, ல, மா. அதற்குள் புரிந்துவிட்டது. வேறு சொல்லாக இருந்துவிடாதா என்று மீதி எழுத்துகளையும் படித்துப் பார்த்தேன்.

உரிந்த பெயிண்ட்டைச் சுரண்டி, விரிசலை அடைத்து, ஸ்கிம் கோட் மாவைத் தண்ணீரில் குழைத்து மெல்லிசாக இழுப்பது எங்கள் வேலை. சுவர் எனக்கு, சீலிங் அவருக்கு. கழுத்து ஒடியும் வேலையை ஏன் எப்போதும் நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“சுவத்துல கொற இருந்தா காலண்டர மாட்டி மறைச்சிரலாம். சீலிங்ல என்னத்தடா மாட்டுவ?” என்றார்.

ஈரப் பூச்சின் கீழ் மின்விசிறி போடுவது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. காற்றுப் பட்டால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து இழுக்கும். தலைமுடி போல வெடிப்புகள் ஓடும். அதனால் எந்த வீட்டிலும் வேலை முடிந்ததும் விசிறி சுவிட்சின் மேல் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவார். சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு கடைவீட்டின் மாடியில், புழுக்கம் தாங்காமல் வீட்டுக்காரர் டேப்பைக் கிழித்துவிட்டார். மறுநாள் அண்ணன் டார்ச் விளக்கைச் சீலிங்கோடு ஒட்டிப் பிடித்தார்.

“ஃபேன் போட்டீங்களா சார்?”

“கொஞ்ச நேரந்தான் லா. ஒண்ணும் தெரியலையே.”

“உங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியுதே.”

முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி பூசினார். பஸ்ஸில் வீடு திரும்பும்வரை திட்டிக்கொண்டே வந்தார். வெடிப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியாது.

அப்படிப்பட்டவர் படுத்துவிட்டார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனையிலிருந்து குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணி ஹாலில் கட்டில் போட்டிருந்தார். நான் உள்ளே போனபோது அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறத்தியார் சீலிங்கையெல்லாம் பூசியவர் வீட்டில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து தொங்கியது.

“இதப் பாத்துக்கிட்டே சாகச் சொல்றியா?” என்றார்.

அந்தச் சீலிங்கை நானே பூச இறங்கினேன். சுரண்டும்போது தூசி ஆகாது என்று அவரை உள்ளறையில் படுக்க வைத்தோம். மாவு இழுக்கத் தொடங்கியதும் பிடிவாதமாகக் கட்டிலை ஹாலுக்கு இழுக்கச் செய்தார்.

“கைய நீட்டி இழுடா. ரொட்டிக்கு காயா ஜாம் தடவுற மாதிரி தடவாத.”

“அப்ப நீங்க வந்து இழுங்க.”

“பேப்பர் படிக்கத் தெரிஞ்சிருச்சு, சீலிங் பூசத் தெரியல. என்ன படிப்போ!”

சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். “ஏணியிலேர்ந்து விழுந்து வைக்காதீங்க தம்பி. ரெண்டு கெழவனையும் என்னால பாக்க முடியாது லா.”

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

சுவிட்சில் டேப் ஒட்டச் சொன்னார், ஒட்டினேன். அன்று பிற்பகல் இலைகூட அசையவில்லை. சட்டை நனைந்து அவருக்கு மூச்சு வாங்கியது. உள்ளறைக்கும் போக மாட்டேன் என்றார்.

“ஃபேனப் போட்டுர்றேங்க,” என்றார் அண்ணி.

“தொடாத.”

“உசுர விட சீலிங்கு பெருசா போச்சா உங்களுக்கு?”

நான் கிளம்பும்போது அண்ணி பழைய செய்தித்தாளை மடித்து அவருக்கு வீசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை போனேன். டேப் கிழிந்திருந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு நேர்மேலே வெடிப்புகள் ஓடியிருந்தன. அண்ணி தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். அழுத முகம்.

“மூச்சுத் திணறுனாரு தம்பி. பாத்துக்கிட்டு இருக்க முடியல, போட்டுட்டேன். வெடிச்சிருச்சுல்ல?”

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார்.

“எங்க வெடிச்சிருக்கு? நல்லாத்தான இருக்கு. நீ சொல்லுடா.”

“நல்லாருக்கு அண்ணி,” என்றேன்.

“காத்து சொகமா வருது. நேத்தே போட்டிருக்கணும்,” என்றார் அண்ணன். அதே வாரத்தில் போய்விட்டார்.

கருமாதி முடிந்த பிறகு கரணையும் மாவுமாகக் குவீன்ஸ்டவுன் போனேன். மறுபடி பூசித் தருகிறேன் என்றேன். அண்ணி என்னை ஏணியை விரிக்கவே விடவில்லை.

“வெடிப்பு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? ஒங்க ரெண்டு பேரு மொகத்தையும் பாத்தாலே தெரியுதே. ஊரையே திட்டுன மனுசன், அன்னிக்கு என்னைய ஒரு வார்த்த சொல்லல. அது அப்படியே இருக்கட்டும் தம்பி. தேத்தண்ணி குடிங்க.”

ஏணியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தேநீர் குடித்தேன். இருவரும் மேலே பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

நண்பர்களே, அவர் வழவழப்பாக இழுத்த சீலிங்குகள் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அவற்றை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு காலைப்பொழுதை. தலைக்கு மேல் ஓடிய வெடிப்பைக் கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, மெல்லத் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்து, “நல்லாத்தான இருக்கு” என்று அவர் சொன்னாரே, அந்தக் குரலை.