மிளாவுக்கு மூணு, கேழைக்கு ரெண்டு

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இந்தத் தடவை பக்கத்து வீட்டுத் தாணு, தன் மாமனார் வழியாக வந்த ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் கோரம்பாயில் சுற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். “அண்ணாச்சி, நீங்க மலையில வேல பாத்த ஆளு. கூட வந்தா எனக்கு ஒரு தைரியம்” என்றான். துப்பாக்கியைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்பது வேறு கதை. ஆனால் எழுபது தாண்டிய ஒருவனை இன்னொருவன் தைரியம் என்று சொல்லிக் கூப்பிட்டால், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பத்தானே தோன்றும்?

ஸ்டேஷனில் இருந்த கான்ஸ்டபிள் சின்னப் பையன். பாம்பைப் பிடிப்பது போலத் துப்பாக்கியைப் பிடித்து, குழலை மடக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். அப்போது அந்த எண்ணெய் வாசனை வந்தது. நான் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். “தாத்தாவுக்கு மயக்கமா?” என்று கேட்டான். “ஒண்ணுமில்லப்பா, அந்த எண்ணெய் வாசனை” என்றேன். அவன் தாணுவைப் பார்த்தான், தாணு என்னைப் பார்த்தான். எனக்குச் சூசையின் ஞாபகம் வந்துவிட்டது என்று அவர்களிடம் எப்படிச் சொல்ல?

உங்களிடம் சொல்லலாம். இரண்டாவது சாயா வரும்வரை நீங்கள் எழுந்து போகமாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கைதான்.

கீரிப்பாறைக்கு மேலே ஒரு கிராம்பு எஸ்டேட்டில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். கொட்டாரத்தில் தங்க வேலை செய்கிற குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குப் பட்டறையில் என்னை உட்கார வைக்க ஆசை. எனக்கோ ஊதுகுழலை ஊதினால் தலை சுற்றும். நாலு எழுத்துப் படித்த மிதப்பும் சேர்ந்துகொள்ள மலையேறிவிட்டேன். ஸ்டோர் என்றால் ஒரு தகரக்கூரைக் கட்டிடம். உரமூட்டை, மண்ணெண்ணெய், கவாத்துக் கத்தி, காய்ந்த கிராம்புச் சாக்கு எல்லாம் ஒரே அறையில். மூலையில் இரும்பு அலமாரி. அதற்குள் ஒரு ரைபிள். கிராம்பும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த அந்த வாசனை என் சட்டையில், தலையணையில், சோற்றில்கூட இருந்தது. லீவுக்கு ஊருக்கு வந்தால் அம்மா, “எலே, ஒம்மேல என்ன பல்லுவலி மருந்து நாத்தம்?” என்பாள்.

அந்த ரைபிள் பழைய வெள்ளைக்கார மேனேஜர் விட்டுப்போனது. குழலின் துவாரம் கால் அங்குலம்தான், சுண்டுவிரல்கூட நுழையாது. அதைச் சுடுகிற உரிமை எஸ்டேட்டில் ஒரே ஆளுக்கு, ஜீப் டிரைவர் சூசைக்கு. வட்டக்கோட்டைப் பக்கம் கடற்கரைக்காரன், மீன்பிடிக் குடும்பம். பட்டாளத்தில் குறி பார்த்துச் சுடுவதில் மெடல் வாங்கினவன். எங்களுக்கு ஒரே வயது. வேட்டைத் தடைச் சட்டம் வராத நாட்கள் அவை. மிளா என்கிற பெரிய மான் வந்து கிராம்புக் கன்றுகளைக் கடித்துக் குதறும், பன்றி கூலிக்காரர்களின் மரச்சீனிக் கிழங்கைத் தோண்டிவிடும். சனிக்கிழமை மத்தியானம் ஆள்கணக்கு முடிந்ததும் சூசை காட்டுக்குள் போவான். அதற்கு முன்னால் ஸ்டோருக்கு வந்து தோட்டா தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தத் தேர்ந்தெடுப்பு இருக்கிறதே, அதற்கு எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். வேலை ஐந்து நிமிஷம், மீதி பேச்சு. தோட்டாவில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் குண்டு எடை குறைவு. வேகமாகப் போய், பட்டதும் மலர்ந்து உடைந்துவிடும். கேழை போன்ற ஆட்டளவு மானுக்கு அது போதும். மற்றதில் குண்டு நீளமாக, கனமாக இருக்கும். மெதுவாகப் போனாலும் உள்ளே இறங்கும். மிளாவும் பன்றியும் மாட்டளவு எலும்பு உள்ளவை, அவற்றுக்கு அதுதான். “இது துப்பாக்கியா? ஊசிலே, ஊசி” என்பான் சூசை. “ஊசிய வச்சு எருமையக் குத்தணும்னா ஊசிக்கு நீளம் வேணும், கேட்டியா?” இதையே வாராவாரம் சொல்வான். நானும் புதிதாகக் கேட்பது போலத் தலையாட்டுவேன். கட்டன் சாயாவில் இரண்டு கிராம்பைத் தட்டிப் போட்டுக் கொடுப்பேன். “ஒனக்குச் சாயா போடத் தெரியாது, ஆசாரி. வேற யாரும் தராததுனால குடிக்கேன்” என்று சொல்லிவிட்டு இரண்டு கிளாஸ் குடிப்பான்.

நான் சுட்டிருக்கிறேனா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தடவை. சூசை வற்புறுத்தி, ஒரு பலாமரத்தைக் காட்டிச் சுடச் சொன்னான். பலாமரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்தடி தள்ளி நின்ற அயனிமரத்தில் பட்டை தெறித்தது. “அயனிய எதுக்குலே சுட்ட? அது ஒன்ன என்ன செஞ்சுது?” என்று தரையில் விழுந்து சிரித்தான் அந்தச் சவம்.

ஒரு ஆடிச் சாரலில் கூரை ஒழுகி, அலமாரிக்குள் தோட்டாப் பெட்டிகள் ஊறிக் கூழாகிவிட்டன. அட்டை போயிற்று, அதில் எழுதியிருந்ததும் போயிற்று. இரண்டு வகையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. வெளியே தெரிகிற முனை இரண்டுக்கும் ஒரே மாதிரி. கனத்த குண்டின் மிச்ச நீளம் பித்தளைக் கூட்டுக்குள் போயிருக்கும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சூசை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு அப்போதுதான் என் பரம்பரை ஞாபகத்துக்கு வந்தது. ஊருக்குப் போய் அப்பாவின் சின்னத் தராசையும் ஒரு டப்பி குன்றிமணியையும் கேட்டு வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொரு தோட்டாவாக நிறுத்தேன். ஒரு கூட்டம் ஏழெட்டுக் குன்றிமணி கூடுதலாக நின்றது. அது மிளாத் தோட்டா. ஒவ்வொன்றின் அடியிலும் அரக்கை உருக்கிச் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன்.

சூசைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தப் பொட்டைத் தடவித் தடவிப் பார்த்தான். காலையில் ஆள்கணக்குக்கு மஸ்டரில் நிற்கிற அத்தனை பேரிடமும் சொன்னான். “ஆசாரி பொட்டு வச்சிட்டான்லா? இனி நான் கண்ண மூடிட்டுக் காட்டுக்குப் போவேன்.” அந்த எஸ்டேட்டில் என்னை யாரும் பெரிதாக மதித்ததில்லை. மேனேஜருக்கு என் பெயர் சரியாக வராது. அந்தப் பொட்டுக்குப் பிறகு நான் ஒரு ஆளானேன். சனிக்கிழமை மத்தியானம் வாசலில் நிழல் விழும், “மிளாவுக்கு மூணு, கேழைக்கு ரெண்டு” என்று குரல் வரும், நான் ஏதோ வைத்தியர் போலப் பொட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக இருந்த நாட்கள் பிறகு வரவில்லை. கல்யாணமான புதிதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதை என் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காயம்பட்ட மிருகத்தைத் தேடிக் கண்டுபிடித்து வலியை முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கண்டுபிடிக்க முடியாமல் போனால், சுட்டவன் அதன் பிறகு துப்பாக்கியைத் தொடக்கூடாது. யார் ஏற்படுத்தினதோ தெரியாது. சூசைக்குத் தடம் பார்த்துக் கொடுக்கிற மலைவாசி மாதேவன் காணி அதில் ரொம்பக் கண்டிப்பு.

ஒரு ஐப்பசி சனிக்கிழமை, ஓடைக்கரையில் கொம்பு விரித்த ஒரு பெரிய மிளாவைச் சூசை சுட்டான். பொட்டு வைத்த தோட்டா. ஐம்பது அடி தூரம்கூட இல்லை. மிளா முன்னங்கால் மடிந்து விழுந்தது, எழுந்தது, புதருக்குள் போய்விட்டது. மூன்று நாள் தேடினார்கள். இரண்டாம் நாள் நானும் போனேன். முதலில் ஈற்றை மூங்கில் தழையில் ரத்தம், பிறகு பாறையில் ஒரு சொட்டு, பிறகு மழை. மூன்றாம் நாள் மத்தியானம் மாதேவன் காணி கீழே குந்தி மண்ணைப் பார்த்துக்கொண்டே, “மழ கழுவிட்டு. இனி இல்ல” என்றார்.

சூசை ரைபிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு என் கையில் தந்தான். சுட்ட தோட்டாவின் காலிக்கூட்டையும் தந்தான். அதைத் திரும்பத் தருவது ஸ்டோர் நடைமுறை. “தோளுக்குத்தான் போட்டேன் மக்கா. ஒன் பொட்டுத் தோட்டா தோள்ல பட்டா மிளா நடக்குமா? நடக்காதுல்லா? எனக்குக் கண்ணு தப்பிட்டு” என்றான். அவன் அழவில்லை. நான்தான் அலமாரியைப் பூட்டத் தெரியாமல் சாவியைக் கீழே போட்டேன்.

அவன் போன பிறகு அந்தக் காலிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். தட்டார் வீட்டுக் கை அல்லவா, கனம் தெரிந்தது. தராசில் வைத்தேன். மற்றக் காலிக்கூடுகளைவிட ஏழு குன்றிமணி அதிகம். புரட்டிப் பார்த்தால் அடியில் வேறு முத்திரை. வேறு கம்பெனிக் கூடு, தடித்த பித்தளை. அதாவது, உள்ளே இருந்தது கேழைக் குண்டு. கூட்டின் கனத்தைக் குண்டின் கனம் என்று நினைத்து நான் பொட்டு வைத்துவிட்டேன். அந்த மெல்லிய குண்டு தோள் எலும்பில் பட்டு அங்கேயே உடைந்து சிதறியிருக்கும். சூசை சரியாகத்தான் சுட்டிருக்கிறான். கல் பதித்த நகையைக் கல்லோடு சேர்த்து நிறுத்துத் தங்கக் கணக்குச் சொல்கிற தட்டான் எங்காவது உண்டா? அப்பாவுக்குத் தெரிந்தால் சுத்தியலை எடுத்து எறிந்திருப்பார்.

அன்று சாயங்காலமே அவனிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம், சம்பள நாளில் சொல்வோம், கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்குப் போகும்போது சொல்வோம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பயம் ஒன்றுமில்லை, வெறும் கெத்து. அந்த ஒரு பொட்டுத்தான் எனக்கிருந்த மரியாதை, அது போய்விடும். மற்றத் தோட்டாக்களின் முத்திரையை மட்டும் யாருக்கும் தெரியாமல் புரட்டிப் பார்த்து, சந்தேகமானவற்றில் அரக்கைச் சுரண்டி எடுத்தேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்.

தை மாதம் சூசை வேலையை விட்டான். கல்ஃபுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றான். கீரிப்பாறையில் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைப் பிடித்து, “ஒன் பொட்டுல ஒரு கொறையும் இல்ல, கேட்டியா? எவனாவது ஏதும் சொன்னா நம்பாத” என்றான். பஸ் போய்விட்டது. நான் திரும்பி நடந்தே ஏறினேன்.

பிறகு சட்டம் வந்தது, ரைபிள் போலீசுக்குப் போயிற்று, நானும் ஊருக்கு வந்து ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதினேன். சூசை கல்ஃபிலிருந்து திரும்பிவிட்டான் என்று காதில் விழுந்தது. கொட்டாரத்திலிருந்து அவன் வீட்டுக்குச் சைக்கிளில் அரை மணி நேரம். நான் போய்ச் சேர இருபத்தாறு வருஷம் ஆயிற்று.

போனபோது வாசலில் வலை காய்ந்தது. சூசை தலை நரைத்து, வயிறு போட்டு, நாற்காலியில் இருந்தான். “ஏலே ஆசாரி!” என்று கத்தியதில் உள்ளேயிருந்து அவன் மனைவி மரியா ஓடிவந்தாள். சாயா வந்தது. சாயா ஆறும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கூடு, முத்திரை, ஏழு குன்றிமணி. சொல்லி முடித்ததும் திட்டுவான் என்று காத்திருந்தேன். மரியாதான் முதலில் பேசினாள். “அண்ணே, இவுக அங்க டிரைவர் வேலைக்குத்தான் போனது. போன எடத்துல எனக்குக் கண்ணு செரியில்லன்னு இவுகளே சொல்லி, பதினெட்டு வருசம் குடோன்ல மூட்ட தூக்குனாவ. ஒரு நாளு வண்டியத் தொடல.”

சூசை அவளைக் கையமர்த்தினான். என்னிடம் குனிந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்பது போலக் கேட்டான்.

“அப்பம் எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துதா மக்கா?”

“நல்லாத்தான் இருந்துது, சூசை.”

அவன் கடலைப் பார்த்தான். தூரத்தில் வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. “கடேசியா வாற வள்ளத்துல எத்தன பேரு?” என்றான். நான் கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, தெரியவில்லை என்றேன். “எனக்கும் தெரியல” என்று சிரித்தான். “இப்பம் நெசமாவே தெரியல.”

அடுத்த வருஷம் அவன் போய்விட்டான். எஸ்டேட்டில் கிராம்பு வாசனை இல்லை, ஸ்டோர் இருந்த இடத்தில் காடு வளர்ந்துவிட்டது என்கிறார்கள். காளிகேசம் போகிற வழியில் பட்டப்பகலில் மிளா நிற்கிறதாம், பையன்கள் காரை நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்களாம். நிற்கட்டும், நல்லா இருக்கட்டும். எனக்கு அந்த நாட்களில் ஒரே ஒரு சனிக்கிழமை மத்தியானம் திரும்பக் கிடைத்தால் போதும். அவன் தோட்டாக்களைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் இறங்குவான். நான் மேஜையைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து, “நில்லுடே, எனக்குத் தப்பிட்டு” என்று சொல்லிவிடுவேன்.