தேருக்குக் குறுக்கே என் கம்பி

தொண்ணூறுகளில் ஏரலில் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கிய எனக்கு, தொலைதூரக் குரல்களைப் பிடிக்க ஆன்டெனாவாக நாற்பது மீட்டர் செம்புக் கம்பி கட்ட வேண்டியிருந்தது. ஒரு முனையை என் மாடியிலும், மறுமுனையைத் தெருவுக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு அண்ணாச்சியின் தென்னையிலும் கட்டினேன்.

ஒரு மழைக்காலத்தில் அண்ணாச்சி இறந்துபோனார். வயதானவர் என்பதால் உயரமாகப் பூத்தேர் கட்டினார்கள். தூக்கும்போதுதான் கவனித்தேன்: தொய்ந்திருந்த என் கம்பி தேரின் உச்சிக்கு ஒரு முழம் கீழே கிடந்தது.

"ஏலே, எவன் கட்டுன கம்பிலே இது?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

என்னையும் அதே தேரில் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து, கட்டிங் பிளேயர் என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். போய்ப் பார்த்தால் கையில் இருந்தது பாக்குவெட்டி. அதையே கம்பியில் வைத்து நெரித்தேன்; அறுபடவில்லை.

கீழே அண்ணாச்சியின் மனைவி, மதினி, அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"வெட்டாதீய தம்பி! துபாய்ல இருக்க எம்மவன் அதுல பேசுவான்னு சொன்னியளே. அவுக கடைசிவரைக்கும் அதையேதான் பாத்துக்கிட்டுக் கெடந்தாவ. அவன் இன்னும் பேசலையே!"

சொன்னது நான்தான். தென்னையைத் தரவேண்டுமே என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். வருஷக்கணக்கில் கடிதம்கூடப் போடாத அந்த மகனிடம் ரேடியோ ஏது?

தேரின் மேலடுக்கைக் கழற்றினார்கள். நான் இறங்கிவந்து மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடித்தேன். அண்ணாச்சி அதன் கீழே போனார்.

அதன்பிறகும் மதினி சாயங்காலங்களில் வாசலில் நின்று கேட்பார்.

"இன்னைக்காவது பேசுனானா, தம்பி?"

"இல்ல மதினி."

அவன் ஒருநாளும் பேசமாட்டான் என்று சொல்ல, அவர் இருந்தவரை எனக்கு வாய் வரவில்லை.